மதியத்தில் ஐந்து டிகிரி கூடக் காட்டும் பள்ளி வானிலை நிலையம்: சென்சாரை மாற்ற வேண்டுமா?

டீச்சர், நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து 3,000 ரூபாய்க்குள் ஒரு வானிலை நிலையம் செய்திருக்கிறார்கள். நிரலை ஓட்டி வைஃபையில் அளவை அனுப்பும் இஎஸ்பி 32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் காட்டும் பிஎம்இ 280 சென்சார் ஒன்று, இரண்டையும் உள்ளே வைத்து மூடிய வெள்ளை ஜங்ஷன் பாக்ஸ். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அதைத் திருகி வைத்தாயிற்று. மதியம் இரண்டு மணிக்கு 42 டிகிரி காட்டுகிறது. அன்று மாலை செய்தியில் 37 என்கிறார்கள். விலை கூடின சென்சார் வாங்கலாமா, இல்லை நிரலில் ஐந்தைக் கழித்துவிட்டுக் கண்காட்சியில் வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இவ்வளவு மலிவான சாமானை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அளவெடுப்பதை உண்மையாகக் கற்றுத்தர முடியுமா?

முடியும். வானிலைக் கருவிகளைப் பராமரிப்பதும் ஒப்புப்பார்ப்பதுமாக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது ஏழெட்டுப் பள்ளிகளுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சென்சாரை மாற்றாதீர்கள், ஐந்தையும் கழிக்காதீர்கள். அந்த ஐந்து டிகிரி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நிலையத்தைக் கட்டியதில் கற்றதைவிட அந்தத் தேடலில் அதிகம் கற்பார்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிஎம்இ 280 நல்ல நிலையில் இருந்தால் நம் ஊர் வெப்பத்தில் அதன் பிழை ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். ஐந்து டிகிரி பிழை அதன் இயல்பில் இல்லை. அதைவிட மலிவான டிஎச்டி 11 என்ற சென்சார்கூட இரண்டு டிகிரிக்குள் நிற்க வேண்டிய சாமான். ஆக, சென்சார் பொய் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் உண்மையிலேயே 42 டிகிரிதான். நமக்குத் தேவை பெட்டிக்கு வெளியே இருக்கும் காற்றின் வெப்பம். எந்த வெப்பமானியும் தன் சொந்த வெப்பத்தை மட்டுமே சொல்லும். அதைக் காற்றின் வெப்பத்துக்குச் சமமாக நிற்க வைப்பது நம் வேலை. வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் கையை விட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

இந்தச் சிக்கல் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் இதற்காகவே ஒரு பெட்டி வடிவமைத்தார். வெள்ளைப் பூச்சு, நாலு பக்கமும் இரட்டைச் சாய்பலகைகள். காற்று தாராளமாக உள்ளே போய் வரும், வெயில் மட்டும் நுழையாது. வானிலை ஆய்வு நிலையங்களில் கால் வைத்து நிற்கும் வெள்ளை மரப்பெட்டி அதுதான். செய்தியில் வரும் 37 அந்தப் பெட்டிக்குள் அளந்த எண். உங்கள் 42 மூடிய பெட்டிக்குள், மொட்டை மாடியில் அளந்த எண். இரண்டும் ஒரே பொருளின் அளவே கிடையாது.

இனி சந்தேகத்துக்கு உரியது. நீங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தால் மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம். ஒன்று, பெட்டி மேல் விழும் வெயில். இரண்டு, கொதிக்கும் தளம். மூன்று, போர்டே வெளியிடும் சூடு. இஎஸ்பி 32 ஓயாமல் வைஃபையில் பேசிக்கொண்டிருந்தால் மூடிய பெட்டிக்குள் ஒன்றிரண்டு டிகிரியை அதுவே ஏற்றிவிடும். எவருடைய பங்கு எவ்வளவு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, காசு செலவில்லாத வழி. விடியற்காலை ஐந்தரை மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனித்தனியாக ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானியை நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டு அதோடு ஒப்பிடலாம். விடியலிலும் ஒன்றரை டிகிரி கூட, மதியமும் ஒன்றரை கூட என்றால் குற்றவாளி போர்டின் சூடு, அல்லது சென்சாரின் நிலையான விலகல். விடியலில் கிட்டத்தட்ட சரியாக இருந்து மதியம் மட்டும் தாண்டினால் வெயில். சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகும் வித்தியாசம் இறங்காமல் நின்றால் கான்கிரீட் தளம். பகலில் குடித்த சூட்டை அது இரவில்தான் கக்கும். கோடையில் மாடி அறையில் படுத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தைக் கழிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. எப்போதும் ஒரே அளவாக இருக்கும் விலகலை மட்டுமே கழிக்கலாம். வெயிலால் வரும் பிழை அப்படி இருக்காது. மேகம் மூடினால் குறையும், காற்று அடித்தால் குறையும், இரவில் காணாமலே போகும். ஐந்தைக் கழித்த நிரல் ஐப்பசி அடைமழை நாளில் 26 டிகிரியை 21 என்று காட்டும். கண்காட்சிக்கு வந்தவர் எவருக்கும் அது தெரியாமல் போகலாம். நோட்டில் எழுதிய பிள்ளைக்குத் தெரியும்.

சரி, பெட்டியை என்ன செய்வது? ஜங்ஷன் பாக்ஸை போர்டுக்கும் பேட்டரிக்கும் வைத்துக்கொண்டு சென்சாரை மட்டும் வெளியே எடுங்கள். கால் மீட்டர், அரை மீட்டர் வயர் போதும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஏழெட்டு வாங்கிக் கவிழ்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரல் இடைவெளி விட்டு, மூன்று நீளத் திருகாணிகளில் கோத்துவிட வேண்டும். மேல் தட்டுகள் இரண்டையும் முழுசாக விட்டுவிட்டு, மற்றவற்றில் நடுவே பெரிய ஓட்டை போட்டால் உள்ளே சென்சார் தொங்க இடம் கிடைக்கும். வெயில் படாமல் சென்சாரைக் காக்கக் கடைகளில் விற்கும் கதிர்வீச்சுக் கவசமும் இதே அமைப்புதான். காற்றே இல்லாத மதியத்தில் இதுவும் கொஞ்சம் கூடக் காட்டும். அந்தக் குறையையும் தீர்க்க வேண்டுமென்றால் பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றை, காற்றை உறிஞ்சும்படி சென்சாருக்குப் பின்னால் பொருத்துங்கள். முன்னால் வைத்தால் மோட்டாரின் சூடு சென்சார் மேல் அடிக்கும். அப்புறம், நிரலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு அளவு எடுத்து, மறுபடி தூங்கும்படி போர்டை அமைத்துவிடுங்கள். சூடும் குறையும், பேட்டரியும் நாள்பட வரும்.

ஒரு பக்கக் குறிப்பு. ஸ்டீவன்சன் பெட்டியின் கதவு வடக்குப் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் திறக்கும்போது வெயில் உள்ளே விழாது என்று புத்தகங்களில் படிப்பீர்கள். அது கடக ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளை மனதில் வைத்து எழுதியது. தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் நண்பகலில் வடக்குக் கதவைத் திறந்தால் வெயில் நேரே உள்ளே வரலாம். உச்சியில் சூரியன் நேர்மேலே நின்று குச்சிக்கு நிழலே விழாத நாளை நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுகிறோமே, அதன் தொடர்ச்சிதான் இது. ஒரு குச்சியை நட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இடமும் மாற வேண்டும். மாடியிலிருந்து இறக்கி மைதான ஓரத்தில் மண்ணோ புல்லோ இருக்கும் இடத்தில், சென்சார் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும்படி வையுங்கள். சுவரிலிருந்தும் மர நிழலிலிருந்தும் முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். பந்து படும், ஆடு உரசும், விடுமுறையில் எவராவது கழற்றிப் பார்ப்பார்கள். அதற்காகவே மாடியில் வைத்தோம் என்பீர்கள். நியாயம்தான். கீழே வைக்கவே முடியாது என்றால் மாடியிலேயே இருக்கட்டும், ஆனால் நோட்டின் முதல் பக்கத்தில் "கான்கிரீட் தளம், இத்தனை மீட்டர் உயரம்" என்று எழுதி, நாலு திசையிலும் படம் எடுத்து ஒட்டிவிடுங்கள். இடத்தைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

இத்தனையும் செய்த பிறகும் செய்தி எண்ணோடு ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் நிற்கலாம். அது பிழையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. செய்தியில் சொன்னது எந்த ஊர் நிலையத்தின் அளவு என்று பாருங்கள். திருச்சி விமான நிலையத்து எண்ணும் அதிராம்பட்டினத்து எண்ணும் ஒரே நாளில் வேறுவேறாகத்தான் இருக்கும். மதியத்துக்குப் பின் கடற்காற்று ஏறிவிட்டால் கரையோரம் சீக்கிரமே தணிந்துவிடும். கைபேசிச் செயலி காட்டுவதோ பெரும்பாலும் கணினி மாதிரியின் கணிப்பு. உங்கள் ஊரில் எவரும் போய் அளந்த எண் கிடையாது. அதை வைத்துச் சென்சாரைத் திருத்த வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி நிலையங்கள் வைத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்து நிலையத்தைத் தேடிப் பிடித்தால் ஒப்பிட அதுவே பொருத்தம்.

ஈரப்பதத்தை வகுப்பிலேயே சோதிக்கலாம், அதுவும் சமையல் உப்பை வைத்து. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்து, சென்சாரோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவில் மூடி இரவெல்லாம் விடுங்கள். உப்பு சென்சாரில் படக் கூடாது, உப்பு முழுக்கக் கரைந்துவிடவும் கூடாது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் அறை வெப்பத்தில் அது அரைச் சதவீதம்கூட நகராது. உங்கள் சென்சார் 79 காட்டினால் நாலு கூடக் காட்டுகிறது என்று அர்த்தம். இந்த விலகலைத் தாராளமாகத் திருத்தலாம், அளந்து தெரிந்துகொண்டது என்பதால். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிஎம்இ 280 என்று சொல்லி ஈரப்பதமே அளக்காத பிஎம்பி 280-ஐத் தந்துவிடுவது கடைகளில் சகஜம். பிஎம்இயின் உலோக மூடி சதுரமாக இருக்கும், பிஎம்பியினுடையது சற்று நீள்சதுரம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, காற்றழுத்தம். வெப்பத்தைப் போல இதற்கு வெயில் தொல்லை இல்லை, பெட்டி மூடியிருந்தாலும் சின்ன ஓட்டை போதும், வகுப்பறைக்குள்ளேகூட வைக்கலாம். சில நூறு ரூபாய்ச் சென்சார் இங்கே காட்டும் திறமை ஆச்சரியமானது. தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு குறையும். ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு ஒன்று என்று கணக்கு. ஒரு பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு படியேறினால் திரையில் எண் இறங்குவதைப் பார்க்கலாம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம் என்பதால் உங்கள் எண் செய்தியில் வரும் கடல்மட்ட அழுத்தத்தைவிட ஆறேழு ஹெக்டோபாஸ்கல் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அதை ஒரு வாரம் வரைபடமாகப் போட்டால் ஒரு அலை தெரியும். காலை பத்து மணி வாக்கில் ஏற்றம், மாலை நாலு மணி வாக்கில் இறக்கம், இரவு பத்துக்கு மறுபடி ஏற்றம், விடியற்காலை நாலுக்கு மறுபடி இறக்கம். தினமும், தவறாமல். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மூன்று நாலு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் எழும் அலை இது. வெப்பமண்டலத்தில்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவில் ஒரு மாணவர் இதைப் பார்க்க மாதக்கணக்கில் சராசரி எடுக்க வேண்டும், நம் பிள்ளை ஒரே நாளில் பார்த்துவிடலாம். இது தெரியாததால், மதியம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து மழை வருகிறது என்று எழுதிய பள்ளி நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சரியான கேள்வி, நேற்று இதே நேரத்தில் எவ்வளவு இருந்தது என்பது. புயல் நெருங்கும்போது இந்த அலையின் மேலேயே மொத்த அழுத்தமும் சரிய ஆரம்பிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததை உங்கள் ஊரில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னந்தோப்பு இழந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு என்னவென்று ஒரு வரைபடத்தில் காட்ட முடிந்தால் அதன் அர்த்தமே வேறு. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை உலகத்தையே சுற்றிவந்தது. பல நாடுகளில் வீட்டில் வைத்திருந்த சின்னச் சின்ன அழுத்தமானிகளிலும் அது பதிவானது.

மழைக்கு மின்னணுச் சாமானே வேண்டாம் என்பது என் கருத்து, குறைந்தது முதல் வருடம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் கணக்குதான். 15 சென்டிமீட்டர் வாய் உள்ள பிளாஸ்டிக் புனலை ஒரு கேனில் செருகுங்கள். வாயின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர், ஆக 17.7 மில்லிலிட்டர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. அளக்க மருந்துக்கடைச் சிரிஞ்சு போதும். புனல் வாயின் விட்டத்தை மூன்று திசையில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். விட்டத்தில் அரை சென்டிமீட்டர் தவறினால் மழையளவில் கிட்டத்தட்ட ஏழு சதவீதம் தவறிவிடும். கேனின் அளவும் முக்கியம். இரண்டு லிட்டர் பாட்டில் வைத்தால் 113 மில்லிமீட்டரில் வழிந்துவிடும். வானிலைத் துறைக் கணக்கில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நமக்கு எந்த நாள் முக்கியமோ அந்த நாளில் பாட்டில் நிரம்பி வழிந்திருக்கும். ஐந்து லிட்டர் கேன் என்றால் 280 வரை தாங்கும். இதையும் மாடியில் வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவரில் மோதித் தாவும் காற்று துளிகளைப் புனலுக்குள் விழவிடாது. தரையில், பக்கத்துக் கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ அதில் இரண்டு மடங்காவது தள்ளி, வாய் மட்டமாக இருக்கும்படி வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். நாட்டில் மழைக் கணக்கின் நாள் முடிவது அந்த எட்டரைக்குத்தான்.

நம்மிடம் மழையளவு புதுசா என்ன? அர்த்தசாஸ்திரத்திலேயே களஞ்சிய அதிகாரி மழையை அளக்கப் பாத்திரம் வைத்த குறிப்பு இருக்கிறது. நம் விவசாயிகள் மண் உழவுக்கு எவ்வளவு நனைந்தது என்று பார்த்து ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்கள். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ இந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர்களாக இருப்பார்கள். ஒவ்வொரு மழைக்கும் அவர் சொன்னதை ஒரு பத்தியிலும், கேன் சொன்னதைப் பக்கத்துப் பத்தியிலும் ஒரு வருடம் எழுதட்டும். எந்த மண்ணில், எந்த மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஒரு உழவாகிறது என்று பார்க்கலாம். ஒரு பள்ளியில் இதை ஆரம்பித்துவைத்தேன். பெற்றோர்களே காலையில் ஃபோன் பண்ணி எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருடம் தானாக எண்ணும் மழைமானி செய்யலாம். சின்னத் தராசு போல இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்து, ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து, ஒரு காந்த ஸ்விட்ச் வழியாக போர்டுக்கு ஒரு மின்துடிப்பு அனுப்புவது. அதற்கு மூன்று வியாதிகள் உண்டு. அந்த ஸ்விட்ச் துள்ளி ஒரு சாய்வை இரண்டு மூன்றாக எண்ணும். நிரலில் அரை நொடி காத்திருக்கச் சொன்னால் தீரும். பெருமழையில் கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராமல் போகும், அதனால் குறைத்துக் காட்டும். மூன்றாவது, பூச்சி. நான் வைத்துக்கொடுத்த ஒரு நிலையத்தில் ஐப்பசி முழுக்க மழை பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது. திறந்து பார்த்தால் புனல் கழுத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. மாதம் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். அன்றிலிருந்து கிண்ணம் கொட்டும் நீரைக் கீழே ஒரு கேனில் பிடித்து, எண்ணிக்கையையும் கேனையும் வாராவாரம் ஒப்பிடச் சொல்கிறேன்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளிகளில் இதுதான் கடினம். முறைப்படி காற்றைத் திறந்த வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். உங்களால் அது முடியாது. அதனால் வேகத்தை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணக் காற்றுமானியை 1846-இல் உருவாக்கிய ராபின்சன், கிண்ணம் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் சுற்றும் என்று நம்பினார். அது தவறு என்று பின்னால்தான் தெரிந்தது. கிண்ணத்துக்கும் கை நீளத்துக்கும் ஏற்ப அந்த விகிதம் மாறும். ஆகையால் நீங்கள் செய்த கருவிக்கு நீங்கள்தான் விகிதம் கண்டுபிடிக்க வேண்டும். காற்றில்லாத விடியலில், வண்டி வராத நேரான சாலையில், பெரியவர் ஓட்டும் காரில் வெளியே நீட்டிப் பிடித்து 20, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகவும் வரவும் எடுத்துச் சராசரி போடலாம். வேகத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். திசையில் ஒரு கண்ணி உண்டு. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180 என்று நிரல் சொல்லும். வாடைக் காற்றைத் தென்றலாக்கிவிடும். திசையைக் கிழக்கு, வடக்குக் கூறுகளாகப் பிரித்துத்தான் சராசரி எடுக்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுவே அதன் திசை என்ற விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நமக்குச் சிரமமே இல்லை. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, தென்றல் தெற்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. பேர் வைத்தவர்களே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கம்பம் இரும்பென்றால் இடி மின்னல் நேரத்தில் எவரும் பக்கத்தில் போகக் கூடாது, மழையளவு எடுக்கவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தானாகப் பதிவாகிறது என்பதற்காகக் கையால் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். "அளக்கவில்லை" வேறு, "0" வேறு, மண் நனைந்தும் அளக்க முடியாத சொற்ப மழை வேறு; மூன்றையும் மூன்று விதமாக எழுதப் பழக்குங்கள். சனி, ஞாயிறு எவரும் வரவில்லை என்றால் திங்கட்கிழமை கேனில் இருப்பதை "மூன்று நாள் சேர்த்து" என்றே எழுத வேண்டும், மூன்றால் வகுத்து நிரப்பக் கூடாது. திரையில் 31.47 என்று வந்தால் கடைசி இலக்கத்தை எழுத வேண்டாம். ஒரு டிகிரி வரை தவறக்கூடிய சென்சாருக்கு நூறில் ஒரு பங்கு தெரியாது.

இந்த நிலையத்தால் முடியாததும் உண்டு. நாலைந்து வருடப் பதிவை வைத்து ஊர் சூடாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மலிவான ஈரப்பதச் சென்சார் மழைக்காலம் ஒன்றிரண்டு கடந்தால் நகரத் தொடங்கும். வருடம் ஒருமுறையாவது உப்புச் சோதனை செய்ய வேண்டும். புயல் எச்சரிக்கைக்கு இதை நம்பக் கூடாது. ஆனால் மழைக்கேன் விஷயத்தில் உங்கள் பள்ளி எவருக்கும் சளைத்ததில்லை. 1997 ஜூலையில் அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தின் ஒரு ஓரத்தில் வெள்ளம் வரும்படி கொட்டித் தீர்த்தது, அதே நகரத்தின் மறு ஓரத்தில் மழை சொற்பம். இருந்த நிலையங்களால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வருடமே அங்கே பொதுமக்கள் ஆளுக்கொரு சாதாரண பிளாஸ்டிக் மழைமானி வைத்து தினமும் அளக்கும் கோகோராஸ் என்ற அமைப்பு தொடங்கியது. இன்று அந்த அளவுகளை அந்நாட்டு வானிலைத் துறையே எடுத்துக்கொள்கிறது. நம் ஊரிலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொட்டி இந்தப் பக்கம் காய்வது உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே கையில் மீதி இருக்கும் பணத்தை இப்படிச் செலவிடுங்கள்: முதலில் தட்டுக் கவசம், அப்புறம் புனலும் கேனும், அப்புறம் இன்னொரு பிஎம்இ 280. முதலாவதோடு ஒரே கவசத்துக்குள் பத்து நாள் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒன்றை மாடியிலும் ஒன்றை மைதானத்திலும் வையுங்கள். தளம் எவ்வளவு சூடேற்றுகிறது என்பதே கண்காட்சிக்கு நல்ல தலைப்பு. நிரல் எழுதுவதில் எனக்குப் பழக்கம் குறைவு, அதில் இங்கே வேறு எவராவது திருத்தம் சொன்னால் அதைக் கேளுங்கள். விடியல், மதியம் இரண்டு வித்தியாசங்களும் ஒரு வாரத்துக்குச் சேர்ந்ததும் இங்கேயே போடுங்கள், மேகம் இருந்ததா என்பதையும் பக்கத்தில் எழுதி. பார்த்துவிட்டு மூன்றில் யார் குற்றவாளி என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.